அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவே ஆறு இன்ச் கான்கிரீட் சுவர்: எடுக்கலாமா?

பெரும்பாக்கம் ஏழாவது மாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொண்டு படித்து, விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

நானும் அம்மாவும் சென்னை பெரும்பாக்கத்தில் பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஏழாவது மாடியில் இருக்கிறோம். 2022 ஆகஸ்டில் சாவி வாங்கினோம். போன தை மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் இன்னும் சரியாகவில்லை. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வார்த்தை வருவதில்லை. இடது கையில் ஓர் எவர்சில்வர் டம்ளர் வைத்திருப்பார். கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர் வேண்டும். விடாமல் தட்டினால் உடனே வா.

பங்குனியில் ஒரு நாள் மதியம் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். சிம்னி ஓடுகிறது, குக்கர் விசில் அடிக்கிறது. அம்மா நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்திருக்கிறார். டம்ளர் உருண்டு டிவி மேசைக்கு அடியில் போய்விட்டது. நான் சோற்றுத் தட்டோடு வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டைல்ஸில் பட்டிருந்த கன்னம் சில்லிட்டுப் போயிருந்தது. நடுவில் இந்தச் சுவர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்குமே என்று அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

சுவரைப் பற்றிச் சொல்கிறேன். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கிறது. பத்தடி நீளம், ஒன்பதடி உயரம், ஆறு இன்ச் கனம். அதன் வலது ஓரத்தில் சமையலறைக்குள் போகும் கதவு. என் அடுப்பு இடது மூலையில். நான் அடுப்பின் முன் நின்றால் வலது தோளுக்கு நேரே இந்தச் சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம், சரியாக ஆறடியில், அம்மாவின் கட்டில்.

இடிக்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், மேலே நிமிர்ந்து பார்த்தார். "மேல பீமே இல்லம்மா, பீம் இல்லைன்னா சுவத்து மேல லோடும் இல்லை. சும்மா தடுப்புச் சுவருதான். ரெண்டு நாள் வேலை, நாப்பத்தஞ்சாயிரம் குடுங்க. சங்கத்துக்கெல்லாம் சொல்லிட்டு இருக்காதீங்க, டைல்ஸ் மாத்தறோம்னு சொல்லிக்கலாம்" என்றார். முன்பணம் பத்தாயிரம் கேட்டார். இன்னும் கொடுக்கவில்லை.

கொடுக்காததற்குக் காரணம் ஒரு சின்ன விஷயம். குடிவந்த புதிதில் சாமி படம் மாட்ட இதே சுவரில் எலக்ட்ரீஷியன் துளை போட்டார். ஒரு பிட் முறிந்துபோய் இரண்டாவது பிட் போட்டார். கீழே விழுந்த தூள் சாம்பல் நிறம். பட்டுக்கோட்டையில் எங்கள் பழைய வீட்டில் ஆணி அடித்தால் செக்கச்செவேலென்று செங்கல் பொடி கொட்டும், அம்மா முறத்தில் அள்ளுவார். இங்கே ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. பூச்சும் இல்லை, பெயின்ட்டுக்கு அடியில் நேராக இந்தச் சாம்பல்தான். தடுப்புச் சுவர் என்றால் எதற்காக இவ்வளவு கெட்டியாகக் கட்டியிருப்பார்கள்?

இதை எடுக்கலாமா? முழுவதும் முடியாவிட்டால் இடுப்பு உயரத்துக்கு மேலே மட்டும் எடுக்கலாமா? அதுவும் கூடாது என்றால் மூன்றடிக்கு மூன்றடி ஜன்னல் மாதிரியாவது திறக்கலாமா?

---

மதுரை தனிவீடு எழுதியது:

சகோதரி, அம்மா சீக்கிரம் தேறி வரட்டும். நான் 2016இல் எங்கள் வீட்டில் இதே மாதிரி சமையலறைச் சுவரை எடுத்தேன். நாலரை இன்ச் செங்கல் சுவர். மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். எட்டு வருஷம் தாண்டிவிட்டது, ஒரு கீறல்கூட விழவில்லை. வீடு முழுக்கத் தூசி பறக்கும், அதற்கு மட்டும் சாக்கை நனைத்து வாசற்படிகளில் தொங்கவிடுங்கள். உங்கள் சுவரும் மெல்லியதுதானே, ஒன்பது இன்ச் இல்லையே. பயப்படாமல் செய்யுங்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

---

அடையாறு பொறியாளர் எழுதியது:

அம்மா, தயவுசெய்து அந்த முன்பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் கட்டமைப்பு வடிவமைப்பில் இருந்தவன் நான்.

மதுரை நண்பர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் வீடும் உங்கள் வீடும் வேறு வேறு இனம். அவர் வீட்டில் பில்லரும் பீமும் சுமையைத் தாங்குகின்றன. செங்கல் சுவர் நடுவே அடைப்பாக நிற்கிறது. அதை எடுத்தாலும் எலும்புக்கூடு அப்படியே இருக்கும். உங்கள் கட்டடத்தில் அந்த எலும்புக்கூடே கிடையாது. ஹாலில் எங்காவது பில்லர் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். இருக்காது என்று நினைக்கிறேன். அலுமினிய அச்சுப் பலகைகளை நிறுத்தி, கம்பி கட்டி, சுவரையும் மேல்தளத்தையும் ஒரே வார்ப்பாக ஊற்றுவார்கள். கட்டட வேலையில் இருப்பவர்கள் இதை மைவான் என்பார்கள். அச்சு வழவழப்பாக இருப்பதால் பூச்சு வேலையே தேவைப்படாது, நேராகப் புட்டி அடித்து வண்ணம் பூசிவிடலாம். நீங்கள் பார்த்த சாம்பல் தூளும் பூச்சில்லாத சுவரும் அதைத்தான் காட்டுகின்றன.

இடிக்க வந்தவர் "மேலே பீம் இல்லை" என்றது உண்மை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தலைகீழ். பீம் இருந்தால் தளத்தின் எடை பீமில் இறங்கும், சுவருக்கு வேலை இல்லை. பீம் இல்லாத இடத்தில் அந்த எடை எங்கே இறங்கும்? நேராகச் சுவரில்தான். பீம் இல்லை என்பதே உங்கள் சுவர் சுமை தாங்குகிறது என்பதற்கான முதல் அடையாளம்.

எவ்வளவு சுமை என்று உத்தேசமாகப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு பக்க அறைகளும் பத்தடி அகலம், தளம் ஐந்து இன்ச் என்று வைத்துக்கொள்கிறேன். தளத்தின் எடை, டைல்ஸ், ஆட்களும் சாமான்களும் எல்லாம் சேர்த்து ஒரு மாடியிலிருந்து உங்கள் பத்தடிச் சுவருக்கு ஏறத்தாழ 6 டன் வரும். சுவர் தானே 45 கன அடி. கம்பி போட்ட கான்கிரீட் கன அடிக்கு 70 கிலோ என்றால் ஒரு சுவரே 3 டன்னுக்கு மேல். உங்களுக்கு மேலே எட்டுத் தளங்களும் ஏழு சுவர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அதே கோட்டில் நிற்கின்றன. கூட்டினால் 70 டன். சரக்கு ஏற்றிய லாரி நான்கு உங்கள் சுவரின் தலையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு இன்ச் கான்கிரீட் இதை அலட்டிக்கொள்ளாமல் சுமக்கும். ஆனால் அது இருந்தால்தான் சுமக்கும்.

அடுத்தது கம்பி. இது மேஸ்திரிகள் பலருக்கும் பிடிபடாத இடம். தளம் சுவரைத் தாண்டிப் போகும் இடத்தில் அது மேல்நோக்கி வளையப் பார்க்கும், அதனால் முக்கியமான கம்பியை அங்கே தளத்தின் மேல்புறத்தில் போடுவோம். சுவரை எடுத்துவிட்டால் அதே இடம் இருபதடித் தளத்தின் நடுப்பகுதி ஆகிவிடும். இப்போது அது கீழ்நோக்கித் தொய்யும், இழுவை அடிப்புறத்தில் வரும். கம்பியோ மேலே இருக்கிறது. ஐந்து இன்ச் தளம் இருபதடிக்கு நிற்பதற்காக வார்க்கப்பட்டதும் இல்லை.

பக்கவாட்டு விசையும் உண்டு. புயல் காற்றையும் நில அதிர்வையும் உங்கள் கட்டடத்தில் இந்தச் சுவர்கள்தான் எதிர்க்கின்றன. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் நிலம் அதிர்ந்ததும் சென்னையில் ஆட்கள் தெருவுக்கு ஓடி வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். 2002இல் இந்திய நில அதிர்வுத் தரநெறியைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து, ஆபத்துக் கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள்.

லண்டனில் ரோனன் பாயின்ட் என்று 22 மாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. பீமும் பில்லரும் இல்லாமல், ஆலையில் வார்த்த கான்கிரீட் சுவர்ப் பலகைகளை அடுக்கிக் கட்டியது. 1968 மே 16 காலை, 18ஆம் மாடியில் ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தபோது கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. அந்த வீட்டின் சுமை தாங்கும் சுவர் வெளியே பறந்தது. மேலே இருந்த தளங்கள் பிடிமானம் இல்லாமல் விழுந்தன. அந்தப் பாரம் தாங்காமல் கீழே இருந்தவையும் ஒவ்வொன்றாக விழுந்து, கட்டடத்தின் ஒரு மூலை தரை வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். உங்கள் கட்டடம் அதைப் போலப் பலகைகளை அடுக்கியதல்ல, ஒரே வார்ப்பு. அதனால் அதைவிடப் பல மடங்கு உறுதியானது. இருந்தாலும் நடுவிலுள்ள ஒரு சுவரை எடுத்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்த மூலைதான் நினைவுக்கு வருகிறது.

இடுப்புக்கு மேலே மட்டும் எடுப்பதும் முழுவதும் எடுப்பதும் ஒன்றுதான். பாதிச் சுவரால் தளத்தைத் தொட முடியாது. மூன்றடிக்கு மூன்றடித் திறப்பு, கணக்களவில், முடியாத காரியம் இல்லை. ஆனால் கட்டடத்தை வடிவமைத்த பொறியாளரே மறுபடி கணக்குப் போட்டு, திறப்பைச் சுற்றி என்ன வலுவூட்ட வேண்டும் என்று வரைந்து கையெழுத்திட வேண்டும். சங்கத்தின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். தனி ஆளாக இதில் இறங்காதீர்கள்.

இன்னொன்று. வீட்டு மனைச் சட்டம், அதாவது ரேரா, பிரிவு 14இன்படி கட்டமைப்புக் குறை ஏதாவது தெரிந்தால் சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் சொன்னால் கட்டியவர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். ஒரு சுவரை உடைத்துவிட்டீர்கள் என்றால் நாளைக்கு எந்த மாடியில் விரிசல் வந்தாலும் உங்கள் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள்.

முதலில் கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அறைகளைக் காட்டும் கட்டட வரைபடம் வேறு, கான்கிரீட்டையும் கம்பியையும் காட்டும் கட்டமைப்பு வரைபடம் வேறு. இரண்டாவதுதான் வேண்டும்.

---

பெரும்பாக்கம் ஏழாவது மாடி எழுதியது:

சார், மிக்க நன்றி. உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். பிறகு ஹாலில் நின்று சுற்றிப் பார்த்தேன், பில்லர் ஒன்றுகூட இல்லை. மேலே எட்டாவது மாடியில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது, அது தவழ்கிற ஹால் எங்கள் ஹாலுக்கு நேர் மேலே. கை நடுங்கிவிட்டது.

முன்பணம் கொடுக்கமாட்டேன். வரைபடத்துக்குச் சங்கம் மூலமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

---

கோர் கட்டிங் தம்பி எழுதியது:

அக்கா, வணக்கம். நான் கோர் கட்டிங், வால் கட்டிங் வேலைதான் பண்றேன், அதாவது மெஷின் வச்சு கான்கிரீட்ல துளை போடறது, சுவரை வெட்டறது. ஊரு ஆத்தூர், இப்ப மேடவாக்கத்துல இருக்கேன். பதினோரு வருஷம் ஆச்சு. சார் சொன்ன கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. கையில தெரிஞ்சதைச் சொல்றேன்.

பிளாக் சுவருன்னா பிட்டு வாழைத்தண்டுல இறங்குற மாதிரி இறங்கும். கான்கிரீட்டுன்னா மெஷின் கையை உதறும். கம்பி வந்துட்டா சத்தமே மாறிடும், ஓடுற தண்ணில கறுப்பா இரும்புத் தூள் வரும். நீங்க சொல்ற சுவத்துல ரெண்டு முகத்துலயும் கம்பி வலை இருக்கும். நாப்பத்தஞ்சாயிரத்துக்கு ரெண்டு நாள்ல முடிக்கிறேன்னு சொன்னவரு இந்த மாதிரி சுவரை இதுவரைக்கும் உடைச்சதில்லைன்னு அந்த ஒரு வார்த்தையிலயே தெரியுது. சார் மூணு டன்னு சொன்னாரு இல்ல? சிமென்ட் சாக்குல நாப்பது கிலோ நிரப்பினா எண்பது மூட்டை. உங்க லிஃப்ட்ல எத்தனை தடவை இறக்குவாங்க?

ஒரு விஷயம் சொல்லணும். நாலு வருஷம் முன்னாடி, வேற ஏரியா, பத்து மாடி பில்டிங், மூணாவது மாடி. ரெண்டு பெட்ரூமுக்கு நடுவுல மூணரை அடிக்கு ஏழு அடி வழி வெட்டச் சொன்னாங்க. பேப்பர் எல்லாம் இருக்குன்னு கான்ட்ராக்டர் வாயால சொன்னாரு. நான் கேட்டு வாங்கிப் பாக்கல, அது என் தப்பு. நேர் வெட்டு ரெண்டும் போட்டாச்சு. மேல குறுக்கு வெட்டு பாதி போயிட்டு இருக்கும்போது பிளேடு நின்னுபோச்சு. அணைச்சுட்டு இழுத்துப் பாக்கறேன், வரல. நான் வெட்டின கோடே பிளேடைக் கடிச்சுப் பிடிச்சிருக்கு. அந்த நிமிஷம்தான் புரிஞ்சது, மேல இருக்கறது கீழ இறங்குதுன்னு.

அப்படியே மெஷினை விட்டுட்டு ஜாக்கி முட்டு வரவழைச்சு சுவத்துக்கு ரெண்டு பக்கமும் குடுத்தோம். அது நிக்கிற தளத்துக்கும் பாரம் வரும் இல்ல, அதனால கீழ் வீட்டுக்காரங்க கால்ல விழாத குறையா கெஞ்சி அங்கயும் அதே இடத்துல முட்டு. சாயங்காலம் மேல் வீட்டு அம்மா இறங்கி வந்து, என்னப்பா பண்றீங்க, எங்க பெட்ரூம் கதவு சாத்த மாட்டேங்குதேன்னு கேட்டாங்க. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அப்புறம் இன்ஜினியர் வந்து பாத்து, வெட்டின இடத்துல எபாக்சிங்கற பசை வச்சு கம்பி நட்டு, திரும்ப கான்கிரீட் போட்டு மூடினாங்க. முட்டு எடுக்க ஒரு மாசம் ஆச்சு. அதுக்கு அப்புறம் இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட டிராயிங் என் கையில இல்லாம சுவத்துல ஏசி பைப் துளைக்கு மேல பெருசா எதுவும் போடறதில்லை.

உங்க வேலைக்கு நான் வரமாட்டேன் அக்கா. வேற யாரு வந்தாலும் விடாதீங்க.

---

உறையூர் எழுதியது:

கேமரா ஒன்று மாட்டி, கைபேசியை அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தால் போதாதா? இப்போது இரண்டாயிரத்துக்கே கிடைக்கிறது.

---

பெரும்பாக்கம் ஏழாவது மாடி எழுதியது:

கேமரா போன மாதமே மாட்டினேன். எனக்கு அம்மா தெரிகிறார். அம்மாவுக்கு நான் தெரிவதில்லை. அதுதான் பிரச்சினை என்பது மாட்டிய பிறகுதான் புரிந்தது. நான் கண்ணிலிருந்து மறைந்ததும் எழுந்து வரப் பார்க்கிறார். அன்றைக்கு நாற்காலியிலிருந்து சரிந்ததும் அப்படித்தான் இருக்க வேண்டும். பேச முடியாதவருக்கு வீட்டில் ஆள் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி.

தம்பி, உங்கள் நேர்மைக்கு நன்றி. அந்தக் குறுக்கு வெட்டுக் கதையை எங்கள் சங்கத்துக் குழுவில் பகிரலாமா? இந்தக் கட்டடத்தில் 112 வீடுகள். இன்னும் யார் யார் மனதில் இந்த யோசனை இருக்கிறதோ.

---

கோர் கட்டிங் தம்பி எழுதியது:

தாராளமா போடுங்க அக்கா.

---

புங்கோல் மருமகள் எழுதியது:

அக்கா, நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். என் அத்தைக்கும் (மாமியார்) இதே நிலைமைதான், மூன்று வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே 1998க்குப் பிறகு கட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பெரும்பாலானவற்றில் புகலிட அறை என்று ஒன்று இருக்கும். குண்டு விழுந்தால் உள்ளே போய் இருப்பதற்கு. கனத்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. நாங்கள் அதில் அரிசி மூட்டையும் சூட்கேஸும் வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டில் அது அடுப்படிக்கும் அத்தையின் கட்டிலுக்கும் சரியாக நடுவில். அந்தச் சுவரை யாரும் தொடக்கூடாது, சட்டம். துளை போடுவதற்குக்கூடக் கட்டுப்பாடு உண்டு. மற்றச் சுவர்களை எடுப்பதானாலும் கழகத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான். முதலில் எனக்கும் கோபமாக வந்தது. என் வீட்டுச் சுவர், என் அத்தை, இதில் யார் நடுவில் என்று. பிறகு அந்தச் சுவரை விட்டுவிட்டு வேறு யோசித்தேன்.

சூப்பர் மார்க்கெட்டிலும் கார் நிறுத்துமிடத்திலும் மூலையில் புடைத்துக்கொண்டு ஒரு வட்டக் கண்ணாடி மாட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். குவிந்த கண்ணாடி. அதில் ஒன்று வாங்கி ஹால் சுவரில் சாய்வாக மாட்டினோம். அடுப்பின் முன் நின்றுகொண்டு கதவு வழியாகப் பார்த்தால் கண்ணாடியில் அத்தை. அத்தை பார்த்தால் கண்ணாடியில் நான். கேமராவில் இது கிடைக்காது. கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்தாலும் திருப்பிக் காட்டும்.

மாட்டுவதற்கு முன் ஒருவர் கட்டிலில் படுத்துக்கொண்டும் ஒருவர் அடுப்படியில் நின்றுகொண்டும், இன்னொருவர் கையில் பிடித்து நகர்த்தியும் பாருங்கள். எங்களுக்கு அரை மணி நேரம் பிடித்தது. ஒரு கை அகலம் தள்ளினாலும் கட்டில் மறைந்துவிடும். உங்கள் கதவு அடுப்புக்கு எதிர் ஓரத்தில் இருப்பது நல்லது, கோணம் கிடைக்கும்.

---

அடையாறு பொறியாளர் எழுதியது:

இந்தப் பெண் சொன்னது என் இரண்டு பக்கக் கணக்கைவிட உங்களுக்குப் பயன்படும். கண்ணாடிக்குச் சின்னத் துளை போடுவதால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. ஆறு மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை இன்ச் ஆழம் போதும். துளைக்கும்போது கம்பி தட்டினால் அங்கே அழுத்தாமல் இரண்டு விரல் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். அம்மாவைச் சக்கர நாற்காலியில் சமையலறைக்குக் கூட்டிப்போக முடிகிறதா? கதவின் அகலம் எவ்வளவு?

---

பெரும்பாக்கம் ஏழாவது மாடி எழுதியது:

முடியவில்லை சார். கதவைத் திறந்துவைத்தால் இருபத்தேழு இன்ச்தான் கிடைக்கிறது. நாற்காலியே இருபத்தைந்தரை. இரண்டு தடவை முயன்றதில் அம்மாவின் விரல் முட்டி நிலையில் உரசித் தோல் போய்விட்டது. அதோடு விட்டுவிட்டேன்.

---

அடையாறு பொறியாளர் எழுதியது:

அப்படியானால் நிலையை எடுத்துவிடுங்கள். மரச்சட்டம் ஒவ்வொரு பக்கமும் இரண்டு, இரண்டரை இன்ச் இருக்கும். கதவையும் நிலையையும் சேர்த்துக் கழற்றினால் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு இன்ச் கிடைக்கும். நிலை எந்தச் சுமையையும் தாங்கவில்லை, திருகாணியில் நிற்கிறது. நல்ல தச்சர் ஒருவர் அரை நாளில் எடுத்துவிடுவார். கான்கிரீட் ஓரத்தை மட்டும் யாரும் உளியால் செதுக்கக்கூடாது, ஒரு இன்ச் அகலப்படுத்துகிறேன் என்று ஆசைப்படுவார்கள். ஓரங்களில்தான் திறப்புக்கான கூடுதல் கம்பி ஓடுகிறது. சமையல் எரிவாயு சிலிண்டர் உள்ளே இருந்தால் கதவு போன பிறகு ஹாலில் வாசனை வருகிறதா என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

---

பெரும்பாக்கம் ஏழாவது மாடி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டுவிட்டு நடந்ததைச் சொல்லாமல் போவது நியாயமில்லை.

வரைபடம் பத்தொன்பது நாளில் வந்தது. எங்கள் ஹால் சுவருக்கு எண் போட்டு, 150 மில்லிமீட்டர், இரண்டு முகத்திலும் 8 மில்லிமீட்டர் கம்பி என்று எழுதியிருக்கிறது. தரைத்தளத்திலிருந்து பதினான்காவது மாடி வரை அதே இடத்தில் அதே எண். எங்கள் வீட்டில் துணி துவைக்கும் இடத்தை ஒட்டிய ஒரு சின்னச் சுவர் மட்டும்தான் பிளாக் கட்டு. மற்ற எல்லாமே கான்கிரீட். சங்கத்தில் அந்தத் தாளைப் பெரிதாக்கி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள், பக்கத்திலேயே தம்பி சொன்ன பிளேடு கதையும். நான்காவது மாடிக்காரர் ஒருவர் இரண்டு படுக்கையறையை ஒன்றாக்க ஆள் பேசிவைத்திருந்தாராம். வந்து என்னிடம் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார்.

கதவும் நிலையும் போயாயிற்று. முப்பத்தொன்றேகால் இன்ச். அம்மாவின் நாற்காலி கையில் இடிக்காமல் உள்ளே வருகிறது. காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்த்திவைக்கிறேன், இடது கையால் பட்டாணி உரிக்கிறார். இயன்முறை மருத்துவர் அதையே பயிற்சியாக எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அடுப்பில் தாளிக்கும்போது உள்ளே வைத்திருக்கப் பயம். அப்போது கட்டிலுக்குத்தான்.

கண்ணாடி பதினெட்டு இன்ச், ஆயிரத்து எண்ணூறு ரூபாய். புங்கோல் தங்கை சொன்னபடி பக்கத்து வீட்டுப் பையனை அம்மா கட்டிலில் படுக்கவைத்து, நான் அடுப்படியில் நின்று, அவன் அப்பா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து நகர்ந்து பார்த்தோம். வாசல் கதவுக்கு மேலே, காலண்டர் இருந்த இடத்துக்கு ஒரு சாண் இடதுபுறம் சரியாக விழுந்தது. காலண்டரை மாற்றிவிட்டேன்.

முதல் இரண்டு நாள் அம்மா அதைப் பார்க்கவேயில்லை. வளைந்த கண்ணாடியில் உருவம் சின்னதாகத் தெரிவதால் என்ன என்று பிடிபடவில்லை போலிருக்கிறது. மூன்றாம் நாள் கரண்டியை ஆட்டிக் காட்டினேன். சிரித்தார். அதற்குப் பிறகு நான் சமையலறைக்குள் போனால் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. எழுந்து வரப் பார்ப்பதும் நின்றுவிட்டது.

நேற்றுக் காலை அடுப்பில் பால் வைத்துவிட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். டம்ளர் விடாமல் தட்டுகிற சத்தம். பதறிக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன். அம்மா கட்டிலில் பத்திரமாகத்தான் இருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை, டம்ளரை வாசல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது.